சேவு கொடுத்த காலேஜ்

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, நெல்லைக்காரர்கள்தான். இருந்தாலும் அழைப்பிதழில் 'தேசிய அளவிலான தொழில்நுட்ப சிம்போசியம்' என்றுதான் அடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் எந்தப் பொறியியல் கல்லூரியும் மாவட்ட அளவில் சிம்போசியம் நடத்தியதாக எனக்கு நினைவில்லை. வெளிமாநிலத்திலிருந்து ஒரே ஒரு அணி வந்து இறங்கினால் போதும், தேசியம் நிலைநாட்டப்பட்டுவிடும். எங்களுக்கு அந்தப் புண்ணியத்தைச் செய்தவர்கள் திருவனந்தபுரத்திலிருந்து வந்த இரண்டு பேர். அதில் ஒருவன் நாகர்கோவில்காரன் என்பது மத்தியானம் சாப்பாட்டு வரிசையில்தான் தெரிந்தது. அதற்குள் முதல்வர் மேடையில் "அண்டை மாநிலத்திலிருந்தும்" என்று பேசி முடித்திருந்தார்.

2004 மாசி மாதம். சாத்தூர்ப் பக்கம், 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய கல்லூரி. நாலு வழிச்சாலை இன்னும் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை. நான் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு, துறை மாணவர் சங்கத்தின் இணைச் செயலாளர். இணைச் செயலாளர் என்றால் செயலாளர் சொல்லுகிற இடத்துக்கெல்லாம் பைக் ஓட்டுகிறவன்.

எங்களுக்கு முந்தைய செட் வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகம். 2001-இல் சேர்ந்த எங்களிலிருந்து எல்லாப் பொறியியல் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கீழே வந்தன. மாநிலம் முழுக்க ஒரே பாடம், ஒரே தேர்வு என்றானதும் பக்கத்துக் கல்லூரிக்காரன் பங்காளி மாதிரி ஆகிவிட்டான். எங்கே சிம்போசியம் என்றாலும் 'ஓடி' (ஆன் டியூட்டி) வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வகுப்புக்கு வராமலே வந்ததாகக் கணக்கு, ரெஸ்யூமில் ஒட்ட ஒரு சான்றிதழ், மத்தியானம் சாப்பாடு. பேப்பர் பிரசன்டேஷன் என்பது இவற்றுக்கெல்லாம் நுழைவுச்சீட்டு.

விழா நடத்தப் பணம் வேண்டும். துறை நிதி பாதிச் செலவுக்குக்கூடக் காணாது. மீதியை வெளியில் வாங்க வேண்டும் என்று போன வருடத்து அண்ணன்கள் ஒரு ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்பைரல் பைண்டிங், லேசர் பிரிண்ட், முழுக்க ஆங்கிலம். சென்னையில் ஏதோ ஒரு பெரிய கல்லூரியின் ஃபைலைப் பார்த்து அப்படியே எடுத்தது. பிளாட்டினம் ஸ்பான்சர் 25,000 ரூபாய், கோல்டு 15,000, சில்வர் 10,000. சாத்தூரில் அன்றைக்குப் பிளாட்டினம் விற்கிற நகைக்கடை ஒன்றாவது இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு, ஷூ போட்டு, சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் ஐடி கார்டுடன் கடை கடையாக ஏறினோம். எங்களைப் பார்த்ததுமே கடைக்காரர் முகம் மாறும். சேல்ஸ் டாக்ஸா, எல்.ஐ.சி.யா என்று ஒரு கணம் பார்ப்பார். பையன்கள் என்று தெரிந்ததும் நிம்மதி வரும். ஃபைலைப் பிரித்தால் அந்த நிம்மதியும் போய்விடும். "மொதலாளி வெளியூர் போயிருக்காங்க, அடுத்த வாரம் வாங்க தம்பி" என்பார் முதலாளி.

ஃபைல் வேலை செய்த இடம் ஒன்று உண்டு. அது ஒரு வங்கிக் கிளை. அங்கே ஃபைல் இல்லாமல்தான் எதுவும் நகராது. மேலாளர் பக்கம் பக்கமாகப் படித்தார், ஒரு இடத்தில் ஆங்கிலப் பிழையைக்கூடத் திருத்தினார், இரண்டாயிரம் ரூபாய்க்குச் செக் கொடுத்தார். மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையமும் ஃபைலுக்கு மயங்கியது. முதல் பரிசுத் தொகை முழுக்கத் தங்களுடையது, மேடைக்குப் பின்னால் தங்கள் பேனர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றார்கள். கை குலுக்கினார்கள், குளிர்பானம் கொடுத்தார்கள். ஹாஸ்டலுக்குத் திரும்பி அன்று இரவு பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

ஊருக்குள் பணம் புரண்டது எங்கள் வகுப்பிலேயே இருந்த ஒருவனால். அவன் அப்பா மைக்செட் வைத்திருந்தார். 'சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதிய பழைய வேனில் அவன் ஒருமுறை கல்லூரிக்கு வந்து இறங்கியதிலிருந்து அவனுக்குப் பெயர் சவுண்டு. பேச்சு என்னவோ குறைவுதான். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு கோயில் கொடைகளுக்குப் போய் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். வரி வசூல் எப்படி நடக்கும், நன்கொடையை யார் எப்படிக் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஏன்டா தூக்கிட்டு அலையுறீங்க?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கி வந்தான்.

அவனுக்கென்று சில விதிகள் இருந்தன. போணி ஆவதற்கு முன்னால் கடை ஏறக் கூடாது. லாரியில் சரக்கு இறங்கும்போது கேட்கக் கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் கூடவே கூடாது. ஷூ வேண்டாம், செருப்பு போதும். முதலில் கல்லூரிப் பெயரைச் சொல்லக் கூடாது, யார் மகன் என்பதைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நோட்டின் முதல் வரி. பிள்ளையார் சுழி போட்டு, ஊரில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்த ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியிடம் முதலில் போனோம். அவர் ஐந்நூற்று ஒன்று எழுதினார். "இனி நாம பேச வேண்டாம், நோட்டு பேசும்" என்றான் சவுண்டு.

பேசத்தான் செய்தது. இரும்புக் கடை அண்ணாச்சி ஒருவரை இப்போதும் மறக்க முடியவில்லை. எங்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நோட்டை வாங்கினார், கல்லாவிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"எதிர்த்த கடை எரநூத்தி ஒண்ணா?"

"ஆமா அண்ணாச்சி."

"அவரே எழுதினதா, நீங்க எழுதிக்கிட்டதா?"

"அவங்க கையெழுத்துத்தான் அண்ணாச்சி."

எதிர்க்கடையை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை வாங்கி இருநூற்று ஐம்பத்தொன்று என்று எழுதிவிட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகுதான் கேட்டார்: "ஆமா, என்ன விழாப்பா?"

"எலக்ட்ரானிக்ஸ் சிம்போசியம் அண்ணாச்சி."

"சாப்பாடு உண்டா?"

"உண்டு."

"வெளியூர்ப் பிள்ளைக வருதா?"

"முந்நூறு பேர் வருவாங்க."

"அப்ப நல்ல காரியந்தான்."

அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பாக்கெட் டைரி கிடந்தது. இருக்கன்குடி கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நீர்மோர்ப் பந்தல், கபடி டோர்னமென்ட், ஐயப்ப பூஜை, யாரோ ஒருவர் வீட்டுச் சடங்கு. அந்த வரிசையின் கீழே எங்கள் துறையின் பெயரும் தொகையும் ஏறின. விழா மலரில் அவர் கடைக்குக் கால் பக்கம் தருகிறோம் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. எங்கள் மலரைப் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரத்திலிருந்து யாரும் ஆணி வாங்க வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? எங்கள் கையிலிருந்தது மொய் நோட்டு, பந்தல் மட்டும்தான் குறைவு. கொடுத்தது எழுத்தில் இருக்கிறது, என்றைக்காவது திரும்பி வரும். வராவிட்டாலும் கொடுத்த மாதிரி இருக்கும். ஃபைலில் இந்தக் கணக்குக்குப் பிளாட்டினம், கோல்டு என்று எந்தக் கட்டமும் இல்லை.

இதையெல்லாம் கணக்கில் கட்டி வைத்தவள் எங்கள் டிரெஷரர். சாயங்காலம் ஆறரைக்குப் பெண்கள் ஹாஸ்டல் கதவு பூட்டிவிடும், நாங்களோ வசூல் முடிந்து ஏழரைக்குத்தான் திரும்புவோம். அதனால் அன்றன்றைய பணமும் நோட்டும் ஒரு துணிப்பையில் வாட்ச்மேன் தாத்தா வழியாக உள்ளே போகும், அரை மணியில் "பதினோரு ரூபாய் இடிக்கிறது" என்று ஒரு துண்டுச் சீட்டு வெளியே வரும். விழாவை நடத்தியதே அவள்தான் என்று சொல்லலாம். மேடையில் நன்றி சொன்னபோது 'மற்றும் பலர்' என்பதில் அடங்கிப்போனாள். அந்த நன்றியுரையை எழுதியது யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை.

அழைப்பிதழ் கதை தனி. சிவகாசி எங்களுக்குப் பக்கம். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்ததும் மார்கழி வரைக்கும் அந்த ஊர் அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பொங்கல் கழிந்தால்தான் மிஷின் ஓயும். நாங்கள் போனது அந்த ஓய்ந்த நேரத்தில். அச்சகக்காரர் எங்கள் பட்ஜெட்டைக் கேட்டுச் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். "பட்டாசு லேபிள் ஒண்ணு ஓடப்போகுது. தாள்ல ஓரம் மிச்சம் இருக்கு. அதுல உங்களையும் போட்டுத் தாரேன். பாசிட்டிவ் எடுக்குற காசும் வெட்டுக்கூலியும் குடுங்க, போதும்" என்றார்.

மிஷினிலிருந்து வந்த முதல் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தோம். பெரிய தாள். எட்டு இடத்தில் ராக்கெட் வெடி, பச்சையும் சிவப்புமாகத் தீப்பொறி. ஓரத்தில் இரண்டு இடத்தில் எங்கள் கல்லூரிக் கோபுரமும் ஒரு ஐசி சிப்பின் படமும். எங்கள் அட்டைக்கு நாங்கள் கேட்டது இளநீலம். ராக்கெட் வெடிக்குச் சிவப்பு மை நிறைய விட்டதில் அது கத்தரிப்பூ நிறமாகியிருந்தது. லேபிள் தாள் என்பதால் ஒரு பக்கம்தான் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. உள்பக்கத்தை வேறொரு மிஷினில் ஒற்றைக் கறுப்பில் அடித்து முடித்தோம். துறைத் தலைவர் அழைப்பிதழைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா ஒரு சைடு மட்டும் ஷைன் அடிக்குது?" என்று கேட்டார். "லேட்டஸ்ட் ஃபினிஷ் சார்" என்றான் செயலாளர். அவன் இப்போது மார்க்கெட்டிங்கில் இருக்கிறான்.

முகவரிகளுக்குக் கவுன்சலிங் புத்தகம் இருந்தது. பொறியியல் கவுன்சலிங்குக்குப் போனபோது கொடுத்த, எல்லாக் கல்லூரிகளின் பெயரும் முகவரியும் அச்சிட்ட புத்தகம். அதைப் பிரித்து ஆளுக்குச் சில பக்கம் எழுதினோம். உறையை ஒட்டாமல் செருகி புக் போஸ்ட்டில் அனுப்பினால் தபால் செலவு குறைவு என்பது டிரெஷரரின் உத்தரவு. பதிவுக் கட்டணம் டிடியாக வரும், கட்டுரைகள் யாகூ முகவரிக்கு வரும். யாகூவில் அப்போது கொடுத்த இடமே சில எம்பிதான். படம் போட்ட நாலு கட்டுரை வந்தால் பெட்டி நிரம்பி, ஐந்தாவது ஆளுக்குத் திரும்பிப் போய்விடும். அதற்காகவே ஒருவன் தினமும் சாத்தூர் பிரவுசிங் சென்டருக்குப் போய், ஃபிளாப்பியில் இறக்கி, பெட்டியைக் காலி செய்துவிட்டு வருவான்.

நோட்டோடு போய்ப் பணம் வாங்காமல் திரும்பிய ஒரே கடை சேவுக் கடை. சாத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காராச்சேவு. பஸ் நிற்கிற ஐந்து நிமிடத்தில் இறங்கி ஓடி வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். நாங்கள் போனபோது பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. துளை போட்ட அகலமான கரண்டியைச் சட்டிக்கு மேலே பிடித்து, மாவை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். மாவு துண்டு துண்டாக எண்ணெயில் விழுந்து நுரை கிளப்பியது. பூண்டும் மிளகாயும் மூக்கில் ஏறி எனக்கு இருமல் வந்துவிட்டது. அண்ணாச்சி நோட்டை வாங்கிப் பார்க்கவே இல்லை.

"காசாக் கேக்காத. எத்தனை பேரு?"

"முந்நூறு அண்ணாச்சி."

"ஆளுக்கு நூறு கிராமுன்னா முப்பது கிலோ. நூறு எவன் ஒரே மூச்சில திங்கான்? அம்பது போதும். பதினஞ்சு கிலோ. பொட்டலம் போட்டே தாரேன். கடலெண்ணெய்தான், வேற எண்ணெய் கிடையாது, தைரியமாக் குடு."

"மலர்ல உங்களுக்கு அரைப் பக்கம் போட்டுருவோம் அண்ணாச்சி."

"போடு, போடாமப் போ. போட்டா போன் நம்பரை ஒழுங்காப் போடு. கோயில் மலர்ல ஒருவாட்டி தப்பாப் போட்டானுவ. இன்னமும் என் ஆர்டரு எவன் வீட்டுக்கோ போயிட்டிருக்கு."

விழா நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாச் சிம்போசியமும் போலத்தான் நடந்தது. குத்துவிளக்குத் திரி பற்றவில்லை, ரங்கோலியை யாரோ மிதித்தார்கள், எல்சிடி புரொஜெக்டர் நடுவில் ஒருமுறை நீலத் திரையைக் காட்டியது. சிறப்பு விருந்தினர் பி.எஸ்.என்.எல். அதிகாரி. வயர்லெஸ் தொடர்பு குறித்து நன்றாகவே பேசினார். கேள்வி நேரம் என்றதும் பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "சார், செல்ஒன் சிம் கார்டு எப்ப சார் கிடைக்கும்?" என்றான். அரங்கமே கை தட்டியது. 2002 கடைசியில் பி.எஸ்.என்.எல். தொடங்கிய செல்ஒன் செல்போன் சேவைக்கு அப்போது அப்படி ஒரு தட்டுப்பாடு. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்துக்கிடந்தார்கள். அதிகாரி சிரித்துச் சமாளித்தார். ஆனால் விழா முடிந்ததும் அவரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் மாணவர்களைவிட எங்கள் ஆசிரியர்கள்தான் அதிகம்.

பேப்பர் பிரசன்டேஷனில் புளூடூத் பற்றி மூன்று அணிகள் வந்தன. மூன்று பேரும் ஒரே படத்தைக் காட்டினார்கள். அந்தப் பெயருக்குக் காரணமான அதே ராஜா, அதே டென்மார்க், அதே முதல் வரி. நடுவர் இரண்டாவது அணியிடமே, "ராஜா கதை வேண்டாம், நேரா மேட்டருக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார். மேட்டர் அவர்களிடம் இல்லை. இதில் எனக்கு யார் மீதும் கோபமில்லை. நான் வேறு கல்லூரிகளுக்குக் கொண்டுபோன நானோ டெக்னாலஜியும் அதே கடைச் சரக்குதான்.

உண்மையில் மாணவர்கள் மூளையைப் போட்டது சர்க்யூட் டிபக்கிங்கில். பிரெட்போர்டில் 555 டைமர் ஐசி வைத்து எல்இடி விட்டு விட்டு எரிகிற மாதிரி ஒரு சர்க்யூட் போட்டு, அதில் வேண்டுமென்றே மூன்று கோளாறு செய்து வைத்திருந்தோம். எல்இடி தலைகீழ், ஒரு கெப்பாசிட்டர் வேறு மதிப்பு. மூன்றாவதுதான் விஷமம். நாலாவது காலை, அதாவது ரீசெட் காலை, தரையில் இணைத்திருந்தோம். அது தரையில் இருக்கிற வரைக்கும் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் ஐசி அசையாது. மதுரை அணி ஒன்று எல்இடியைத் திருப்பி, கெப்பாசிட்டரை மாற்றி, பேட்டரியை நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தது. கடைசி நிமிடத்தில், அதுவரை வாயே திறக்காமல் நோட்டுப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் குனிந்து அந்த ஒரு வயரை மட்டும் பிடுங்கி மேல்வரியில் செருகினாள். சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. லேப் அட்டென்டர் அண்ணன் முதல்முறையாகச் சிரித்தார். காலையிலிருந்து அவர் கவலையெல்லாம் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஐசி குறையக் கூடாது என்பதுதான்.

மதுரைப் பயிற்சி மையம் பணம் அனுப்பவில்லை. விழாவுக்கு முந்தைய இரவு வரை "ஆள் கிளம்பியாச்சு" என்றார்கள், காலையில் போனை எடுக்கவில்லை. அவர்கள் பேனரோ மேடையில் தொங்கிக்கொண்டிருந்தது. டிரெஷரர் வந்து பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. சவுண்டு ஏணியைக் கொண்டுவந்து பேனரை இறக்கினான், அதன் பின்பக்கம் சாப்பாட்டுக் கூடத்தில் விரிக்க உதவியது. முதல் பரிசை நோட்டுப் பணத்திலிருந்து கொடுத்தோம். இரும்புக் கடை, பாத்திரக் கடை, சைக்கிள் கடை எல்லாம் சேர்ந்து தூத்துக்குடிப் பையன் ஒருவன் கவரில் போயின.

நாலு மணி டீக்குச் சேவுப் பொட்டலம் வந்தது. அதுவரை சான்றிதழ் எப்போது என்று நச்சரித்துக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். திருவனந்தபுரத்து இருவரில் மலையாளியான அந்த ஒருவன் இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்கிப் பையில் வைத்தான். அடுத்த வருடம் திருநெல்வேலியில் ஒரு சிம்போசியத்துக்குப் போனபோது, பதிவு மேசையில் இருந்தவன் எங்கள் ஐடி கார்டைப் பார்த்துவிட்டு, "ஓ, சேவு குடுத்த காலேஜா?" என்றான். தேசிய அளவில் நாங்கள் சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான்.

விழா முடிந்த வாரம், சவுண்டு மறுபடியும் எல்லாக் கடைக்கும் போக வேண்டும் என்றான். மலர் ஒன்று, விழா போட்டோ ஒன்று, கொஞ்சம் இனிப்பு. துறைத் தலைவருக்கு இது விளங்கவில்லை. "பணம்தான் வாங்கியாச்சே, தபால்ல அனுப்பிடுங்களேன்" என்றார். ஆனாலும் போனோம். இரும்புக் கடை அண்ணாச்சி மலரில் தன் கடையைத் தேடவில்லை, எதிர்க்கடைக்கு எவ்வளவு இடம் என்று பார்த்தார். சேவுக் கடையில் போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்து, "சரிதான்" என்றார்.

ஆவணியில் துறைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். உறை மேல் பேனாவால் 'எலக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட் அனைவருக்கும்' என்று எழுதியிருந்தது. சேவுக் கடை அண்ணாச்சியின் மகளுக்குக் கல்யாணம். துறைத் தலைவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தெரிந்தவர் யாரோ என்று நோட்டீஸ் போர்டில் குத்தச் சொன்னார். டிரெஷரர் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். சேவு பதினைந்து கிலோ, அன்றைய விலையில் ஆயிரத்து ஐம்பது, அதற்கு மேலே வைக்காவிட்டால் மரியாதையில்லை என்று ஆயிரத்து நூற்று ஒன்று என முடிவு செய்தாள். ஹாஸ்டலில் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தோம். இப்போது மூன்றாம் ஆண்டுக்கு வந்திருந்த ஜூனியர்கள் "நாங்க எதுக்குண்ணே?" என்று இழுத்தார்கள். "மாசியில நீங்கதானடா அந்தக் கடை ஏறணும்" என்றதும் கொடுத்தார்கள்.

மண்டபத்தில் பெண் வீட்டு மொய் எழுதுகிற மேசையில் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வந்தது. பெரியவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பேரு?"

"இசிஇ டிபார்ட்மென்ட்."

"இனிஷியலு?"

எங்களுக்குள் பார்த்துக்கொண்டோம். "இனிஷியல் இல்லங்க. காலேஜ்."

"காலேஜ்னா ஆளு யாரு? நாளைக்கு அண்ணாச்சி திருப்பிச் செய்யணும்னா யாரைப் போய்க் கேப்பாரு?"

"இவங்கதான், அடுத்த செட்டு" என்று சவுண்டு ஒரு ஜூனியரைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். "இவன் பேரைப் போட்டுக்கோங்க."

பெரியவர் கண்ணாடிக்கு மேலாக அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"ஈரோடுங்க."

"ஈரோட்டுக்கு யாரு போறது" என்று முனகிக்கொண்டே எழுதினார்.